அண்ணன் வைகாசியில் கழற்றிய மாலை

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு உடன்பிறந்தவள் நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கவும் கூச்சப்படுகிறவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் இருந்தால் பொறுத்திருக்க மாட்டார்.

அண்ணன் பிறந்தது ராசிங்காபுரத்தில். அப்பா மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போனார். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டு ஐயப்பன் கோயிலுக்கு நடப்பார். அண்ணனையும் சிறு வயதிலேயே கூட்டிப் போனார். அண்ணன் கணக்கில் பட்டம் வாங்கி, அரசாங்க வேலைக்கு எழுதி எழுதிப் பார்த்து, கடைசியில் போடியில் எங்கள் வீட்டு மாடியில் டியூசன் ஆரம்பித்தார். நாற்பது வருடம் நடத்தினார்.

அறிவு எவ்வளவோ அவ்வளவு கோபம் அவருக்கு. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் தம்பி எழுதிக்கொண்டிருந்த வீட்டுப்பாடத்தை எட்டிப் பார்த்தார். "ஏண்டா, பெருக்கச் சொன்னா கூட்டி வச்சிருக்க? இது தலையா, தேங்காயா?" என்றார். காப்பி வருவதற்குள் நாங்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. அதன்பின் கல்யாணப் பேச்சே இல்லை. நான் கணவரை இழந்து வந்த பிறகு, வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மாலை போட்டிருக்கும் இரண்டு மாதம் மட்டும் அண்ணன் வேறு ஆள். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, எதிரில் வருகிற எல்லோரும் சாமி. அதனால் மாடியிலிருந்து, "சாமி, இந்த விடை எங்கேருந்து வந்துச்சு சாமி?" என்று பல்லைக் கடித்த சத்தம் கேட்கும். தாங்க முடியாத தப்பு என்றால் திட்டுக்குப் பதிலாகச் சரணம் சொல்வார். பெரிய தப்புக்குப் பெரிய சரணம். ஒருநாள் அது நீண்டுகொண்டே போக, பூசை நடக்கிறது என்று எண்ணிப் பக்கத்து வீட்டுக்காரர் சூடத்தட்டோடு மாடி ஏறிவிட்டார்.

ஒரு வருடம் பத்தாம் வகுப்புக்குக் குரங்கணியிலிருந்து பாண்டீஸ்வரி என்ற பெண் வந்தாள். பாஸாகாவிட்டால் ஏலக்காய் எடுக்க மலைக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். மார்கழி கடைசியில் அவள் அடுப்படிக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அத்தே, சார் மாலைய எப்பக் கழட்டுவாரு?"

"மகரஜோதி பாத்துட்டு வந்ததும் கழட்டிருவாரு ஆத்தா. ஏன்?"

"அதுக்குள்ள முடியாதே அத்தே."

கையிலிருந்த நோட்டைக் காட்டினாள். மேலே 'கார்த்திகைக்கு' என்று எழுதி, ஆடி மாதத்திலிருந்து வந்த சந்தேகமெல்லாம் வரிசையாக இருந்தன. டியூசன் பிள்ளைகள் எல்லோரிடமும் இப்படி ஒரு நோட்டு உண்டாம். மற்ற மாதங்களில் கேட்டால் திட்டு விழும் என்று சேர்த்து வைத்துக் கார்த்திகையில் கேட்பார்களாம். இவளுக்கு இன்னும் பாதி நோட்டு பாக்கி.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. நான் ஐந்தாவது படிக்கும்போது, வகுத்தலில் மீதி வந்தால் அதை என்ன செய்வது என்று அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன். சிலேட்டு உடைந்தது. அதன்பின் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அடுத்த வருடம் பள்ளிக்கும் போகவில்லை.

மலையிலிருந்து திரும்பினால் பெற்றவள் கையால் மாலையைக் கழற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவுக்குப் பிறகு அது என் வேலை. அண்ணன் வந்து சாமி படத்தின் முன் தலையைக் குனிந்தார். கோழி விற்பவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

"வெரசா கழட்டுங்க சாமி."

"மாட்டேன்ணே" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

"என்ன சாமி சொல்றீங்க?"

பாண்டீஸ்வரியிடம் வாங்கி வைத்திருந்த நோட்டை நீட்டினேன். நின்றபடியே முழுதும் படித்தார். மாலை மட்டும் இல்லாவிட்டால் வீடு இரண்டாகியிருக்கும். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசம் சாமி, பத்து மாசம் கழுதையா? நான் என்ன சாமி கும்பிட்டிருக்கேன்?" என்றார். பிறகு, "அந்தப் புள்ள பாஸாகட்டும். அப்பக் கழட்டுங்க" என்றார்.

சொன்னது எளிது. சித்திரை வெயிலில் போடித் தார்ரோட்டில் செருப்பில்லாமல் குதித்துக் குதித்து நடந்தார். தாடி நெஞ்சுக்கு வந்தது. சொந்தத்தில் ஒரு காதுகுத்து. கிடாய் வெட்டிப் பந்தி நடக்கிறது. அண்ணன் தயிர்ச்சோற்றை வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்லாருங்க சாமி" என்றார். அவ்வளவுதான்.

வைகாசியில் பாண்டீஸ்வரி பாஸானாள். அண்ணன் மறுபடி தலையைக் குனிந்தார். நான் கை வைக்கும்போது, "இருங்க. உங்க நோட்டுல ஏதும் பாக்கி இருக்கா சாமி?" என்றார்.

மாலையிலிருந்து கையை எடுத்தேன். "வகுத்தல்ல மீதி வந்தா என்ன செய்யணும்ணே?"

அந்தச் சிலேட்டை அவரும் மறக்கவில்லை. அன்று கோழி கடையிலேயே இருந்தது. எனக்குக் கணக்கு விளங்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் சரணம் ஓயவில்லை. பத்தாம் நாள்தான் மாலையைக் கழற்றினேன். அதைக் கரும்பலகை ஆணியில் மாட்டினார். அதிலிருந்து கடைசிவரை எல்லாப் பிள்ளைகளும், எல்லா மாதமும், சாமிதான். ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்சிடமும், "பாத்துக் குத்துங்க சாமி" என்றுதான் சொன்னார்.

அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அந்த நர்சம்மாவுக்கும், ஜீப்பில் தூக்கிப் போன பக்கத்து வீட்டுக்காரருக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்த தெருக்காரர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். என் கையெழுத்தைப் படித்துப் பிழை திருத்திய பாண்டீஸ்வரிக்கும் நன்றி. அவள் திட்டவில்லை. நாலைந்து இடத்தில் சரணம் மட்டும் சொன்னாள்.

இந்த மலரில் இருநூறு பிரதி அச்சடித்தோம். ஏழு ஊர்ச் சொந்தங்களுக்கும் நானே வகுத்தேன். ஊருக்கு இருபத்தெட்டு, மீதி நான்கு. அந்த நான்கும் வீட்டில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.