குளவி கலைந்த ஏப்ரல்

அந்த ஏப்ரலில் கண்டியில் வெயில் கொளுத்தியது. பள்ளிக்கூட விடுமுறை. ஆசிரியையான எனக்கு வருஷம் முழுவதும் படிக்காமல் சேர்ந்துபோன நாவல்கள் அலுமாரியில் கிடந்தன. கந்தோரில் எழுதுவினைஞரான என் கணவரும் லீவு எடுத்திருந்தார். அவருக்குச் சீனி வியாதி. தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரோ விண்வெளித் தொடர் ஒன்றில் மூழ்கிப் போயிருந்தார். சனிக் கிரகத்துக்கு அப்பால் வழிதவறிய கப்பலில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிற கதை. கதிரையில் உட்கார்ந்தால் எழும்பவே மாட்டார்.

நடந்துவிட்டு வந்தால்தான் டிவி என்று ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். மாலையில் ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ரோட்டுக்குப் போவோம். அவர் மேலே வளைவுவரை இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குவார். நான் மதகுக் கட்டின்மேல் உட்கார்ந்து வாசிப்பேன்.

வளைவுக்குப் பக்கத்தில் ஒரு சவுக்கு மரம் நின்றது. அதன் உயர்ந்த கிளையில் முறம் அகலத்துக்குக் கறுப்பாய்க் குளவிக்கூடு. அங்கே கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி எங்களைக் கண்டால் நின்று பேசுவாள். அவள்தான் ஒருநாள் சொன்னாள்: "சாரை அந்த மரத்துப் பக்கம் விடாதீங்க டீச்சர். பருந்து வந்து வந்து கூட்டைக் கொத்துது. கலைஞ்சிச்சின்னா தாங்க முடியாது."

நான் அவரிடம் சொன்னேன். நாம் சும்மா போனால் அதுவும் சும்மா இருக்கும் என்றார். அதற்குப் பிறகு எனக்கு வாசிப்பு ஓடவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலையை நிமிர்த்தினால் மரம்தான் தெரியும்.

அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தொடரை போனில் போட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பார்த்தபடியே நடப்பது. நடையும் ஆச்சு, கதையும் ஆச்சு என்று சிரித்தார்.

அன்று இலைகூட அசையவில்லை. பெண்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மரத்துக்கு மேலே பருந்து தாழ்ந்து போனதைக் கண்டேன். கொஞ்ச நேரத்தில், லொறி ஒன்று மேட்டில் ஏறுவதுபோல இரைச்சல் கேட்டது. ரோட்டில் லொறி இல்லை. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். குளவி, குளவி என்று எல்லோரும் கத்தினார்கள். நானும் அவரைக் கூப்பிட்டேன். அவர் போனைப் பார்த்தபடி வளைவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

முதலில் கொசுவை அடிப்பதுபோலக் கழுத்தில் தட்டினார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுற்றினார். நான் மதகுப் பக்கத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்தேன். கீழே ஓடி வந்துகொண்டிருந்த அந்தப் பெண் திரும்பி மேலே போனாள். அவரை ரோட்டோரக் கானுக்குள் தள்ளி, படங்கால் மூடி, அவர்மேல் கவிழ்ந்து படுத்தாள்.

இருவரையும் தோட்டத்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவருடைய முகம் வீங்கி, யாரோ போலிருந்தார். அவளுக்கு மறுநாள் மத்தியானம்வரை நினைவு திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாங்கில் அவளுடைய புருஷன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெதுவாகக் கேட்டார்:

"சாரு காதுல என்னா டீச்சர் வச்சிருந்தாரு? எல்லாரும் அந்தக் கத்து கத்துனாங்களாமே."

சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அவளால் மலையில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியவில்லை, தலை சுற்றுகிறது. இப்போது பிள்ளைக் காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். நாங்கள் அவளுடைய லயத்து வீட்டுக்குப் போனால் டீ ஊற்றித் தருவாள், ஒன்றும் நடக்காதது போலப் பேசுவாள். என் கணவர் கோப்பையைப் பார்த்தபடியே இருப்பார்.

அன்றிலிருந்து அவருடைய சிறுநீரகம் முன்புபோல இல்லை. ஒவ்வொரு தடவையும் இரத்தப் பரிசோதனை கொஞ்சம் மோசமாகத்தான் வருகிறது. ஏற்கெனவே இருந்த சீனியாலா, குளவி விஷத்தாலா என்று கேட்டேன். இரண்டும் இருக்கலாம் என்ற டொக்டர் பரிசோதனைத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த மாதமும் வரச் சொன்னார்.