அஞ்சலை வந்திருக்கு

மஞ்சள் சோள உப்புமா அடிபிடிக்கும் வாசனை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டால், எங்களில் ஒருவருக்கும் வாய்ப்பாடு ஏறாது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போகும் சாலையோரத்தில் இருந்த அந்த ஒற்றை அறையில் ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருப்போம். சத்தத்தைக் கேட்கவே வேண்டாம்.

சத்தம் போட்டவர்களுக்கு விழுந்த புளிய "விளாறு" அடி, சத்தமே போடாத எனக்கும் விழுந்தது. பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாத்தியார் அதைத் "திமிரு" என்று எடுத்துக்கொண்டார். என் கையில் தடிப்பைப் பார்த்த அப்பா, "அடி வாங்கிக்கினு வர்றதுக்கு அங்க இன்னாத்துக்குப் போற? பொங்கல் முடிஞ்சதும் எங்கூடக் கரும்புல காஞ்ச சோகை உரிக்க வந்துடு" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும் என்பதைக்கூட அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

அந்த மார்கழியில் வாத்தியார் மாற்றலாகிப் போய், மெல்லிய குரலோடு ஒரு டீச்சரம்மா வந்தார். வந்ததும் விளாறை உப்புமா அடுப்புக்குள் செருகச் சொன்னார். பிறகு ஒரு புது ஏற்பாடு செய்தார். பெயர் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை பேசக்கூடாது, பக்கத்தில் இருக்கும் பிள்ளைதான் "வந்திருக்கு" என்று சொல்ல வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் பெயர் எப்போது வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்ததில் எங்கள் கூச்சல் தானாகவே அடங்கிவிட்டது. வந்த பிள்ளைகளின் கணக்குப்படிதான் உப்புமா கிளறுவார்கள் என்பதால், பெயர் விழாத பிள்ளைக்குத் தட்டிலும் ஒன்றும் விழாது என்று நாங்கள் நம்பினோம்.

என் பக்கத்தில் அஞ்சலை. விடியும் முன்னே அவளுடைய அம்மா அப்பா கரும்பு வெட்டப் போய்விடுவார்கள், அவளுக்கு அன்றைய முதல் சாப்பாடே அந்த உப்புமாதான்.

"அஞ்சலை" என்றார் டீச்சரம்மா. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலை என் தொடையைக் கிள்ளினாள். "சொல்லுடி, ஊமக்கோட்டான்! வவுறு கத்துது எனக்கு."

"அது எங்க பேசும்? அஞ்சலைக்கு இன்னிக்குப் பட்டினிதான்" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

டீச்சரம்மா சிரிக்கவுமில்லை, அடுத்த பெயருக்குப் போகவுமில்லை. "அவசரமில்ல, சொல்லட்டும்" என்றார். வெளியே ஒரு கரும்பு வண்டி வந்து கடந்து போனது. எப்போதும் கரும்பு உருவ ஓடுகிறவர்கள்கூட அன்று எழுந்திருக்கவில்லை.

"அஞ்சலை வந்திருக்கு."

எனக்காக வராத வார்த்தை அவளுக்காக வந்துவிட்டது. அந்தச் சூட்டோடு சாயங்காலம் அப்பாவிடமும், "நான் சோகை உரிக்க வரல, பள்ளிக்கூடந்தான் போவேன்" என்றேன். அவர் கரும்புக் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "ஏய், இங்க வந்து பாரு, இது பேசுது!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அப்புறம் ஐந்தாவது முடிக்கும்வரை என்னை யாரும் நிறுத்தவில்லை.

இப்போது அந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. விளாறு ஒழிந்தது, நல்லதுதான். பெயர் கூப்பிடுவதுகூடச் சுருங்கி, வந்தவர், வராதவர் என்று போனில் தட்டிவிடுகிறார்கள். போன மாதம் பேரப்பிள்ளைக்காக நான் போயிருந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு சின்ன வயது டீச்சர், "அடிக்கவும் கூடாது, அதட்டுனா அழுவுதுங்க. எப்படித்தான் அடக்கறது, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். ஆளாளுக்கு ஏதோ சொன்னார்கள். கடைசி வரிசையில் இருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன், ஆனால் பேச்சு வரவில்லை. அந்த டீச்சர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்காகக் காத்திருந்தார்.