சாட்சியைக் கூட்டிப்போன அரியமுத்து

எண்பத்திரண்டாம் வருஷம் எறையூர்ப் பக்கம் எந்தக் கிணற்றில் மோட்டார் ஓடினாலும் அதன் கரண்ட் இணைப்புக் காகிதத்தில் அரியமுத்துவின் கையெழுத்து இருக்கும். லைசென்ஸ் உள்ள வயர்மேன் அவர் ஒருவர்தான். லைசென்ஸ் இல்லாத மச்சான் செல்லதுரை வயரிங் செய்வான். இவர் வீட்டில் உட்கார்ந்தபடி, தானே செய்ததாகக் கையெழுத்துப் போடுவார். இதில் தப்பிருப்பதாக அவருக்குக் கனவில்கூடத் தோன்றியதில்லை. ஊர் உலகத்தில் எல்லா வயர்மேனும் செய்வதுதானே!

எந்தப் புண்ணியவானோ மொட்டைக் கடுதாசி போட்டான், கரும்பு விவசாயி பாவாடையின் கிணற்றில் அரியமுத்து கால்கூட வைக்கவில்லை என்று. லைசென்ஸ் போர்டு, விசாரணை முடியும்வரை லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டது. சாட்சி சொல்ல வரும்படி பாவாடைக்குச் சம்மன் போனது.

சீல் குத்திய காகிதம் வந்தால் அடுத்தது ஜெயில்தான் என்று நம்புகிறவர் பாவாடை. தபால்காரரின் சைக்கிளைக் கண்டதும் கரும்புத் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டார். ஆள் இல்லை என்று சம்மன் திரும்பியது. மறுபடி சம்மன், மறுபடி கரும்பு. யாரையும் வரவழைக்கும் அதிகாரம் போர்டுக்கு உண்டாம். கரும்புக்குள் நுழையும் அதிகாரம் மட்டும் கிடையாது போலும். சாட்சி வராமல் விசாரணை நகரவில்லை. ஆறு மாதம் வேலையில்லாமல் அரியமுத்து வீட்டில் அடுப்பெரிவதே பெரும்பாடாகிவிட்டது.

கடைசியில் அவரே கிளம்பினார். தனக்கு எதிராகச் சாட்சி சொல்லவேண்டிய ஆளைத் தானே தேடிக் கரும்புக்குள் போன கூத்தை எங்கே போய்ச் சொல்ல! பாவாடையைக் கெஞ்சிக் கூத்தாடி வெளியே இழுத்து, காபி வாங்கிக் கொடுத்து, திருச்சி பஸ்ஸில் ஏற்றினார். ஜெயிலில் எத்தனை நாள் போடுவார்கள் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் அந்த மனுஷன்.

"பயப்படாதீங்க. நடந்தத நடந்தபடி சொல்லுங்க, போதும். ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்றார் அரியமுத்து.

விசாரணை அறையில் வயரிங் யார் செய்தது என்று அதிகாரி கேட்டார். பாவாடை அரியமுத்துவை ஒருமுறை பார்த்துத் தைரியம் வரவழைத்துக்கொண்டார்.

"செல்லதுரைங்க. தங்கமான வேலைங்க. இவரு கெணத்துப் பக்கமே வரலீங்க. நான்தான் காகிதத்த இவரு வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி கையெழுத்து வாங்குனேன்."

இரண்டு வருடத்துக்கு லைசென்ஸ் ரத்து. சாட்சிக்கு அதிகாரி நன்றி சொன்னார். இவரைப் பத்திரமாக ஊரில் கொண்டுபோய் விடுங்கள் என்று அரியமுத்துவிடமே ஒப்படைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் பாவாடையின் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. ஜெயில் பேச்சையே எடுக்கவில்லை.

"நீங்க சொன்னது சரிதாங்க, ஒண்ணுமே பண்ணல. இனிமே எத்தன தடவ கூப்பிட்டாலும் உங்களுக்காக வருவேன்" என்றார்.

கண்டக்டர் வந்ததும் பாவாடைக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் கேட்டார் அரியமுத்து.