மலை ஏறும் வரைக்கும்

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள், விழுப்புரத்தில் அவள் வீட்டுத் தரையில் புளியங்கொட்டைகள் உருண்டன. அக்காவின் மகள் தாயம் உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சலசலப்பில் என் நினைவு, நாங்கள் சிறுவயதில் வளர்ந்த பெருமுக்கல் வீட்டுக்குப் போய்விட்டது.

அங்கே தாயத்தில் ஜெயிப்பவர்தான் அப்பாவின் சைக்கிளில் திண்டிவனத்துக்குப் போய் சினிமா பார்க்கலாம். ஒருநாள் ஆட்டத்தில் அண்ணன் முந்திக்கொண்டே போனான்.

"யக்கா, என்னை வெட்டாத. நானும் உன்னை வெட்ட மாட்டேன்" என்றேன்.

"எதுவரைக்கும்? அதைச் சொல்லு மொதல்ல."

"என் காய் மலை ஏறுற வரைக்கும்."

மலை என்பது குறுக்குக்கோடு போட்ட கட்டம். அதில் இருக்கும் காயை யாரும் வெட்ட முடியாது. மலைக்கு ஒரு கட்டம் முன்னால் என் காய் நின்றபோது, அதை வெட்டச் சரியான எண்ணே அக்காவுக்கு விழுந்தது.

"வெட்டுடி! இன்னா யோசிச்சிக்கினு கீற?" என்று அண்ணன் கத்தினான்.

"பேசினது பேசினதுதான்" என்று அக்கா வேறு காயை நகர்த்தினாள். நான் வாயைப் பிளந்தேன்.

என் காய் மலை ஏறியது. இறங்கியதுமே வெட்டிவிட்டாள். ஓவென்று அழுதேன்.

"மலை வரைக்கும்னு நீதானடி சொன்ன?"

விட்டபோதும் வெட்டியபோதும் அவளுக்கு ஒரே முகம். ஜெயித்து அவள் சைக்கிளில் ஏறிப் போனபோது, அழுதபடியே அவளை அதிசயமாகப் பார்த்தேன்.

"சித்தி, எங்கூடவே இருப்பியா?" என்றாள் அக்காவின் மகள், விழுப்புரம் வீட்டுத் தரையிலிருந்து நிமிர்ந்து.

"இருக்கேன் கண்ணு."

"எதுவரைக்கும்? அதைச் சொல்லு மொதல்ல."

அவள் அருகில் தரையில் உட்கார்ந்தேன்.

"நீ போதும்னு சொல்ற வரைக்கும்" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, புளியங்கொட்டைகளை என் கையில் கொடுத்தாள்.