நாலு கட்டத்தில் எங்கள் வீடு

எங்கள் மகள் செல்விக்கு ஒரு வயது ஆவதற்குள் வயிறு உப்பிக்கொண்டது. பூச்சி என்று நினைத்து மருந்து கொடுத்தோம். குறையவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துத் தலசீமியா (இரத்தத்தின் சிவப்பணு சரியாக உருவாகாத பரம்பரை நோய்) என்றார்கள். அன்று முதல் மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிறோம்.

அப்படி இரத்தம் ஏற்றிக்கொள்ளப் போய்வருகிற பிள்ளைகளே, இது எப்படி வருகிறது என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை அச்சில் களிமண் கரைசல் ஊற்றுவது என் வேலை. மனைவி கலை, என் சொந்த அக்காவின் மகள்.

செல்விக்கு ஐந்து வயதானபோது கலை மறுபடி கர்ப்பமானாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் இது வருமா? வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லீங்களே, எங்கேர்ந்து வந்துச்சு?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

அவர் ஒரு தாளில் நாலு கட்டம் போட்டார். இரத்தம் உருவாவதற்கான மரபணு (பெற்றோர் வழியே வரும் குறிப்பு) ஒவ்வொருவரிடமும் இரண்டு இருக்குமாம். எனக்கும் கலைக்கும் ஒன்று நல்லது, ஒன்று பழுது. நல்லது ஒன்று இருந்தாலே உடம்பு சமாளித்துக்கொள்ளும். பிள்ளைக்கு ஆளுக்கொன்று கொடுக்கிறோம். ஒரு கட்டத்தில் இரண்டும் நல்லது. இரண்டு கட்டத்தில் எங்களைப் போல. கடைசிக் கட்டத்தில் இரண்டும் பழுது. அதுதான் செல்வி.

எனக்கு உயிர் வந்தது. "நாலுல ஒண்ணு போயிடுச்சு. அப்ப மீதி மூணும் தப்பிச்சிடும் இல்லீங்களா?"

டாக்டரம்மா வாய் திறப்பதற்குள் கலை முந்திக்கொண்டாள். "ஒண்ணு விரிசல் விட்டா மீதி மூணு தேறும்னு சொல்ல, இது என்னா உங்க சூளைத் தட்டுல இருக்கற பொம்மையா மாமா?"

"அவங்க சொல்றதுதான் சரி," என்று டாக்டரம்மா சிரித்தார். "ஒவ்வொரு தடவையும் நாலு கட்டமும் புதுசாத்தான் ஆரம்பிக்கும்."

கருவிலிருந்து ஊசியால் மாதிரி எடுத்தார்கள். முடிவு வரும் வரை, இரண்டும் பழுது என்று வந்தால் என்ன செய்வது என்பதை நாங்கள் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றுதான் பழுது என்று வந்தது. கலை ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

தம்பி பிறந்ததும் செல்வி கேட்டாள்: "அவன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ரெண்டு. அப்ப நாந்தானே பெரியவ?"

"நீதான்டி பெரியவ," என்றேன்.

கலையின் அம்மாவான என் அக்காவுக்கும் சோதித்தோம், அவளிடமும் பழுது ஒன்று இருக்கிறது. அப்படியானால் எனக்கும் அக்காவுக்கும் அதைக் கொடுத்தது எங்கள் அப்பாவா, அம்மாவா? இருவருமே இப்போது இல்லை. செல்வியின் தம்பிக்கு வந்தது என்னிடமிருந்தா, கலையிடமிருந்தா? அதுவும் தெரியாது. உங்களுக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது, முறை பார்ப்பதற்கு முன் இரத்தத்தைப் பாருங்கள்.

மகனைக் குளிப்பாட்டும்போது என் கையையும் அவன் கையையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். என் உடம்பு என்னோடு ஆரம்பித்து என்னோடு முடிவது என்றுதான் அந்த நாலு கட்டத்தைப் பார்க்கும்வரை நினைத்திருந்தேன்.