சுண்ணாம்பு காய்ந்த மொட்டைமாடி

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, கீற்றுக் கொட்டகையில் இருந்த எங்களுக்குக் காரைக்கால்மேட்டில் காங்கிரீட் வீடு கிடைத்தது. அதில் மழைக்குப் பயமில்லை. வெயிலுக்குத்தான். என் கணவர் விடியுமுன்பே படகேறிவிடுவார். கரைக்கு வந்தாலும் வலையோடு வேப்பமர நிழலில்தான் இருப்பார். நடுப்பகலில் அந்த வீடு எப்படிக் கொதிக்கும் என்பது இரண்டு வருஷமாக அவருக்குத் தெரியாது.

ஒரு சித்திரையில் படகைக் கரையேற்றும்போது கட்டை உருண்டு அவர் கால் முறிந்தது. மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். மூன்றாம் நாள், மேலே பார்த்தபடியே கேட்டார்: "இத்தனை நாளா இதுக்குள்ளயா புள்ள கெடந்த?"

எனக்கு அழுகை வந்தது. அடுப்புக்குப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

அப்போது நான் தெருத் தெருவாக மீன் விற்றுவந்தேன். என்னிடம் வாங்கும் டீச்சர் ஒருவரிடம் இதைச் சொன்னேன்.

"மாடியில சுண்ணாம்பு அடிச்சுப் பாருங்க. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிடும். ஊர் முழுக்க அடிச்சா தெருவே கொஞ்சம் குளிரும்."

"ஒலகமே சூடாவுதுன்னு ரேடியோல சொல்றாங்களே, அதுவும் கொறையுமா டீச்சர்?"

"சின்ன ஒத்தாசைதான். அந்தச் சூடு வண்டியும் ஆலையும் விடுற புகையாலங்க. புகை கொறையாம அது அடங்காது."

மறுநாள் விடிந்ததும் ஏணி வைத்து ஏறினேன். நீர்த்த சுண்ணாம்பில் பசை கலந்து, நார்மட்டையால் இழுத்தேன். வெறும் தண்ணீராகத்தான் தெரிந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். காயக் காயத்தான் வெளுத்தது. அடுத்த நாள் இன்னொரு கை அடித்தேன்.

அன்று உச்சிவெயிலில் காய்ந்ததா என்று பார்க்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மாடி எங்கே முடிகிறது, கடல் எங்கே, வானம் எங்கே, ஒன்றும் பிரியவில்லை. எல்லாம் ஒரே வெளிச்சம். என் உடம்புக்குக் கனமே இல்லாதது போலிருந்தது. கண்ணைப் பாதி மூடி, காற்று சேலையை இழுக்க, எவ்வளவு நேரம் நின்றேனோ.

கீழிருந்து அவர் குரல் வந்தது. "காலடி சத்தமே காணுமே! எங்க நிக்கிற?"

"தெரியலைங்க," என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

"தெரியாட்டி அசையாத. ஒக்காந்துக்க. ஒக்காந்தே நவுந்து வா."

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே ஏணிக்கு நகர்ந்தேன். கால் இரண்டும் சுண்ணாம்பில் வெந்திருந்தன. கட்டிலோரம் உட்காரவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். பிறகு நாற்காலியில் ஏறி, உள்ளிருந்தே தளத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"எப்படி இருக்கு?"

"கை வைக்க முடியுதுங்க."

அவர் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. படுத்ததிலிருந்து பகலில் அவர் தூங்கியது அன்றுதான்.

எதிர்வீட்டு அக்கா மட்டும் திட்டினாள். "ஒன் மாடி எங் கண்ணைக் குத்துது!" ஆனி பிறந்ததும் மிச்சச் சுண்ணாம்பை அவளே கேட்டு வாங்கிப் போனாள்.

ஐப்பசி மழையில் பாதி கரைந்துபோனது. மறுவருஷம் எங்கள் தெருவில் நாலு மாடி வெளுத்திருந்தன. தெரு குளிர்ந்ததா என்றால், இல்லை. மீன்கூடையோடு நடந்தால் மண் அப்படியேதான் சுட்டது. ஆனாலும் அதற்கடுத்த கோடையிலும் அடித்தோம். லேசாகக் காலை இழுத்தபடி அவரும் ஏறினார். ஓரப் பக்கம் போகாதீங்க என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன்.