ஒகேனக்கல்லில் வைத்த பூ

எழுபதுகளின் தொடக்கம், ஆனி மாதம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும். "ஞாயித்துக்கெழம ஒகேனக்கல் போயிட்டு வந்துரலாம். மறுநாளு நானே கூட்டிக்கிட்டுப் போயி சேத்துவுடறேன்" என்றார் அப்பா. மாரண்டஹள்ளிச் சந்தையைத் தாண்டி எங்களை எங்கும் கூட்டிப்போகாத மனிதருக்குத் திடீரென்று என்ன வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் புத்தி எங்கே வேலை செய்தது? சேர்க்கைக் கடிதத்தை வீட்டில் விட மனமில்லாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு அப்பா, அம்மாவோடு பஸ் ஏறினேன்.

அருவிக்கு அப்பால் பாறை விளிம்பில் இரும்புக் குழாய்த் தடுப்பு போட்டிருந்தார்கள். அவ்வளவு அகலமாக வந்த காவிரி, கீழே இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவில் ஒடுங்கி ஓடியது. அதில் போன பரிசல் தோசைக்கல் அளவுதான் தெரிந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பூ வெக்காம வந்துட்டியே கண்ணு. குனி, வெச்சிவுடறேன்."

பின்னால் முன்பின் தெரியாத ஒரு அம்மாள், கையில் மல்லிகைச் சரத்தோடு. யாரோ புண்ணியவதி என்று நினைத்துத் தலையைக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அப்பாவின் பக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் கூச்சத்தோடு நின்றார். அந்த அம்மாளின் மகனாம். எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் தாய் பூ வைத்துவிட்டால் கல்யாணம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். முதுகில் தடுப்புக் கம்பி, முன்னால் இரண்டு குடும்பங்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாம்மா?" என்று அம்மாவின் காதில் சீறினேன்.

"நீதான தலயக் குனிஞ்ச? எல்லாரும் பாக்கறாங்க, பேசாம நில்லு."

பூவைப் பிய்த்து ஆற்றில் எறியக் கை தலைவரை போனது. அந்த அம்மாள் என் கன்னத்தைத் தடவி, கண் கலங்கச் சிரித்தார். கை இறங்கிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் அப்பா. பென்னாகரம் தாண்டியதும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தக் கடுதாசியக் குடு. நான் வெச்சிக்கறேன்."

"நாளைக்குப் போவணுமே அப்பா?"

"இனிமே அத மாப்ள வூட்ல கேட்டுக்கலாம்."

அவர் ஒன்றும் பிடுங்கவில்லை. நானே பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அப்பா மேல் இருந்த கோபம் என்றோ போய்விட்டது. என் மேல் இருப்பதுதான் இன்னும் போகவில்லை.